திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம்: ஒரு படத்தயாரிப்பாளரின் வாழ்வும் தமிழ் இலக்கியக் கதைமரபும்

ஆய்வுச்சுருக்கம்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை உருவாக்கி நடத்திய தி.இரா. சுந்தரத்தின் (1907–1963) வாழ்க்கையை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. மனோன்மணீயம், குண்டலகேசி, வளையாபதி, எதிர்பாராத முத்தம் ஆகிய தமிழ் நூல்களைச் சார்ந்த கதைகள் இவருடைய நிறுவனத்தின் வழியாகவே திரைக்கு வந்தன. இதற்கு இவருடைய இலக்கியப் பற்றைக் காட்டிலும் ஆலைமுறையில் அமைந்த தயாரிப்பு ஒழுங்கும், கதைகளுக்கிடையே உயர்வு தாழ்வு பாராத நோக்குமே காரணங்கள் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தி.இரா. சுந்தரம், மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம், மந்திரிகுமாரி, வளையாபதி, மனோன்மணி, தயாரிப்பு முறை.

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நடிகரையோ, பாடலாசிரியரையோ, உரையாடலாசிரியரையோ, அவர்களுக்குப் பின்னின்ற அரசியல் இயக்கத்தையோ மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. தயாரிப்பாளர் பொருள் முதலீடு செய்தவர் என்ற அளவிலேயே அவற்றில் இடம்பெறுகிறார். பாரதிதாசனின் திரைப்பணியை ஆராய்வோர் பொன்முடியையும் வளையாபதியையும் குறிப்பிடுகின்றனர். மு. கருணாநிதியின் திரைப்பணியை ஆராய்வோர் மந்திரிகுமாரியையும் திரும்பிப்பாரையும் குறிப்பிடுகின்றனர். இந்நான்கு படங்களும் 1950 முதல் 1953 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஒரே நிறுவனத்திலிருந்து, ஒரே முதலாளியின் முடிவின்படி வெளிவந்தவை என்பது உரிய கவனத்தைப் பெறவில்லை.

ஐம்பெருங்காப்பியங்களுள் முழுமையாகக் கிடைக்காதவை குண்டலகேசியும் வளையாபதியும் ஆகும். குண்டலகேசிக்குப் பத்தொன்பது பாடல்களும், வளையாபதிக்கு எழுபத்திரண்டு பாடல்களுமே இன்று எஞ்சியுள்ளன. புலவர் அவையில்கூட முழுமையாகப் பயில இயலாத இவ்விரு காப்பியங்களின் பெயரோடும் கதையோடும் தொடர்புடைய படங்கள் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் சேலத்தில் உருவாயின. நெசவுத்தொழில் பயின்ற ஒருவரின் கூடத்தில் இது நிகழ்ந்தது எவ்வாறு என்னும் வினாவே இக்கட்டுரையின் அடிப்படையாகும்.

குடும்பமும் கல்வியும்

சுந்தரம் 1907ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். இவருடைய குடும்பம் திருச்செங்கோட்டைப் பூர்விகமாகக் கொண்டது. துணித்தொழிலிலும் நூல் வணிகத்திலும் வளம்பெற்றது. சேலம், திருச்செங்கோடு வட்டாரத்தில் கைத்தறியும் நூல் வணிகமும் வாழ்வின் அச்சாக இருந்த காலம் அது. குடும்பத் தொழிலை வளர்க்கும் நோக்கில் இங்கிலாந்து சென்ற சுந்தரம், லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார்.

இக்கல்வி இவருடைய பிற்கால வாழ்விற்குத் தொடர்பற்றதுபோல் தோன்றலாம். ஆயினும், மூலப்பொருள் வாயிலில் நுழைந்து, பல கைகளைக் கடந்து, விற்பனைக்குரிய பொருளாக அதே வளாகத்திலிருந்து வெளியேறுவதே ஆலையின் இயல்பு. காலந்தவறாமையும் பிரிவு பிரிவான வேலைப்பகுப்பும் அதன் இரு தூண்கள். பின்னாளில் சேலத்தில் சுந்தரம் அமைத்த படப்பிடிப்பு நிலையத்தில் இவ்விரு தூண்களையும் காணலாம்.

திரைத்துறை நுழைவு

தாயகம் திரும்பிய சுந்தரம், சேலத்தில் எஸ்.எஸ். வேலாயுதம் பிள்ளை நடத்திய ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தோடு இணைந்தார். நல்லதங்காள் (1935) முதலிய படங்கள் அந்நிறுவனத்தின் வழியே வெளிவந்தன. அக்காலத் தமிழ்ப் படங்கள் பலவும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் உள்ள கூடங்களில் எடுக்கப்பட்டன. நடிகரும் இசைக்கலைஞரும் உரையாசிரியரும் தொடர்வண்டியேறி அங்குச் சென்று, தமிழறியாத தொழில்நுட்பக் கலைஞர்களிடையே பல வாரங்கள் தங்கிப் பணியாற்றினர். பயணச் செலவும் தங்கும் செலவும் முதலீட்டில் பெரும்பகுதியை விழுங்கின.

இந்நிலைக்குச் சுந்தரம் கண்ட தீர்வு, 1935ஆம் ஆண்டில் சேலத்தில் ஏற்காடு மலையடிவாரத்தில் தொடங்கப்பட்ட மாடர்ன் தியேட்டர்ஸ் ஆகும். சென்னையைச் சாராமல் உள்நாட்டு நகரமொன்றில் முழு வசதியோடு அமைந்த படப்பிடிப்பு நிலையம் என்ற வகையில் இது தனிச்சிறப்புடையது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் கழுவும் ஆய்வகம், பணியாளர் தங்குமிடம் ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்தன. நிறுவனத்தின் முதற்படமான சதி அகல்யா 1937இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே முதல் மலையாளப் பேசும்படமான பாலன் (1938) இந்நிறுவனத்தின் தயாரிப்பாக எஸ். நொட்டானியின் இயக்கத்தில் உருவாயிற்று. ஒரு மொழியின் பேசும்பட வரலாறு மற்றொரு மொழி வழங்கும் நகரத்தில் தொடங்கியமை, இந்நிலையம் தென்னிந்திய அளவில் பெற்ற இடத்தைக் காட்டுகிறது.

பாண்டி நாட்டுக் கதைகளும் மதுரை நாடக மரபும்

மாடர்ன் தியேட்டர்சின் தொடக்ககாலப் படங்கள் அக்கால வழக்கப்படி புராணத்தையும் அடியார் வரலாற்றையும் சார்ந்தவை. சுந்தரம் இயக்கிய மாணிக்கவாசகர் (1939) படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். திருவாதவூரில் பிறந்து மதுரையில் பாண்டியனின் அமைச்சராக இருந்தவரின் கதையை, இசையறிவு மிக்க தேவார மரபுக் கலைஞர் ஒருவர் நடிக்கத் திரைக்குக் கொண்டுவந்தமை அக்காலச் சுவைக்கு ஏற்றதாக இருந்தது.

1940இல் வெளிவந்த உத்தமபுத்திரன் இப்போக்கை மாற்றிற்று. அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய இப்படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். தமிழ்த் திரையில் ஒரே நடிகர் இருவராகத் தோன்றிய முதற்படம் இதுவெனக் கொள்ளப்படுகிறது. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். மாடர்ன் தியேட்டர்சின் படங்களில் நகைச்சுவைப் பாத்திரங்களை ஏற்ற காளி என். ரத்தினமும், பின்னாளில் அந்நிறுவனத்தின் கதாநாயகரான எம்.ஜி. இராமச்சந்திரனும் அதே கம்பெனியின் பயிற்சியைப் பெற்றவர்களே. சிறுவர் நாடகக் கம்பெனியில் உணவும் உறைவிடமும் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன; வாத்தியாரின் சொல்லே சட்டமாக இருந்தது. அவ்வொழுங்கிற்குப் பழகிய நடிகர்க்குச் சேலத்து வளாகத்தின் ஒழுங்கு புதியதன்று. மதுரையில் தளர்ந்துகொண்டிருந்த ஒரு கலையமைப்பின் மனித வளத்தைச் சேலத்து நிறுவனம் பெற்றுக்கொண்டது எனலாம்.

இத்தொடர்பின் அடுத்த படி மனோன்மணி (1942). பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம், மேடைக்கன்றிப் படிப்பதற்கென அமைந்த செய்யுள் நாடகம். மதுரையை ஆண்ட சீவகன், அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியை உணராது தலைநகரைத் திருநெல்வேலிக்கு மாற்றுவதும், சுந்தர முனிவரின் சுருங்கை வழி நாடும் மகளும் காக்கப்படுவதும் அதன் கதை. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றிலிருந்து கிளைத்துத் தமிழ் மண்ணில் வேரூன்றிய இந்நாடகத்தைச் சின்னப்பா, டி.ஆர். ராஜகுமாரி ஆகியோர் நடிக்கச் சுந்தரமே இயக்கினார். அதே ஆண்டில் ஜூபிடர் நிறுவனத்தின் கண்ணகியும் வெளிவந்தது. அதிலும் சின்னப்பாவே கோவலன். ஒரே ஆண்டில் ஒரே நடிகரின் வழியாகச் சிலப்பதிகாரக் கதையும் மனோன்மணீயக் கதையும் பொதுமக்களைச் சென்றடைந்தமை, தமிழ்த் திரை புராணத்திலிருந்து இலக்கியத்தின் பக்கம் திரும்பியதைக் காட்டும் அடையாளமாகும்.

போர்க்காலமும் அதன்பின்னும்

இரண்டாம் உலகப்போர் படத்தொழிலை இறுக்கிற்று. படச்சுருள் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. படங்களின் நீளம் வரையறுக்கப்பட்டது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்கள் எதிர்பார்க்கப்பட்டன. சுந்தரம் இயக்கிய பர்மா ராணி (1945) இச்சூழலில் உருவானது. இப்படத்தில் சப்பானியப் படை அதிகாரியாக அவரே நடித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த சுலோசனாவில் (1946) இந்திரசித்தாகத் தோன்றினார். தயாரிப்பாளரும் இயக்குநரும் ஆன ஒருவர் தேவை நேர்ந்தபோது நடிகராகவும் நின்றமை, எந்த நடிகரையும் தவிர்க்கவியலாதவராகக் கருதாத அவருடைய மனப்போக்கிற்குச் சான்றாகும். ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி (1947) நாட்டார் கதைமரபையும் மேடை மரபையும் ஒருங்கே பயன்படுத்தியது.

இக்காலத்தில் எழுத்தாளர் பலர் சேலத்தை நாடி வந்தனர். பாடலாசிரியர் அ. மருதகாசி மாயாவதி (1949) படத்தின் வழியாக இங்கு அறிமுகமானார். கவி கா.மு. ஷெரீப் நிறுவனத்தோடு தொடர்பு கொண்டிருந்தார், மு. கருணாநிதியின் வருகைக்கு அவருடைய பரிந்துரை துணைநின்றது. நிறுவனம் நடத்திய சண்டமாருதம் இதழில் கண்ணதாசன் பணியாற்றினார். அவரே பின்னர் இல்லறஜோதி (1954) படத்திற்கு உரையாடல் எழுதினார். எழுத்தாளர் மாதச் சம்பளத்தில் வளாகத்திற்குள் இருந்தார்; கதை தேவைப்படும்போது தேடிச்செல்ல வேண்டிய நிலை இல்லை. அடுத்த தலைமுறைத் தமிழ்த் திரைப்பாடலையும் உரையாடலையும் வடிவமைத்த பலர் இளமையில் ஒரே இடத்தில் பணிசெய்து ஒருவர் எழுத்தை ஒருவர் அறிந்திருந்தமைக்கு இச்சம்பள முறை வழிவகுத்தது.

1950–1952: மூன்று வகைக் கதைகள்

1950ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட மூன்று படங்களை ஒருங்கே நோக்குதல் பயனுடையது. பொன்முடி, பாரதிதாசனின் எதிர்பாராத முத்தம் என்னும் காவியத்தைத் தழுவியது. மந்திரிகுமாரி, குண்டலகேசிக் கதையை அடியொற்றி மு. கருணாநிதி படைத்த நாடகத்தின் திரைவடிவம். திகம்பர சாமியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலைச் சார்ந்தது. புரட்சிக் கவிஞரின் காவியம், தொல்காப்பியம் சார்ந்த புலமையுலகில் மட்டுமே பெயரளவில் அறியப்பட்ட பௌத்தக் காப்பியம், தொடர்வண்டிப் பயணத்தில் படிக்கப்பெற்ற நாவல் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே வாயிலின் வழியே வெளியேறின.

இலக்கிய வரலாற்றாசிரியர் இம்மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கமாட்டார். சுந்தரம் வைத்தார். அவருக்கு இவை அனைத்தும் கதைகளே. ஆண்டுக்குப் பல படங்களை வெளியிட வேண்டிய நிறுவனத்திற்குக் கதைப்பஞ்சம் என்பது நெசவாலைக்கு நூற்பஞ்சம் போன்றது. எனவே கிடைக்கும் மூலம் எதுவாயினும், அது மக்களைக் கவரும் முரணையும் திருப்பத்தையும் கொண்டிருக்கிறதா என்பதே அவர் பார்த்த பொருத்தம். கதைகளுக்கிடையே தகுதி வேறுபாடு கருதாத இந்நோக்கே, புலமையுலகின் பாதுகாப்பிலிருந்த காப்பியக் கதையைப் பொதுமக்களிடம் சேர்த்தது.

பொன்முடியையும் மந்திரிகுமாரியையும் இயக்க அழைக்கப்பட்டவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். தமிழறியாத இவர் 1930களின் நடுவிலிருந்து தமிழ்ப் படங்களை இயக்கிவந்தவர். அம்பிகாபதி, சகுந்தலை, மீரா ஆகியவற்றால் புகழ்பெற்றவர். மந்திரிகுமாரி முடிவடையுமுன் அவர் தாயகம் திரும்ப நேர்ந்தபோது எஞ்சிய பகுதியைச் சுந்தரமே இயக்கி நிறைவுசெய்தார். இயக்குநர் மாறியும் படம் நிற்கவில்லை. தனியொரு கலைஞரைச் சாராது, ஒழுங்கமைந்த பிரிவுகளைச் சார்ந்து இயங்கிய அமைப்பின் வலிமை இதில் வெளிப்படுகிறது.

குண்டலகேசியில், தான் காப்பாற்றி மணந்த கள்வனான காளன் தன்னை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முயல்வதை உணர்ந்த பத்திரை, அவனை வலம்வருவதுபோல் பின்சென்று தள்ளிவிடுகிறாள். பின்னர்த் துறவு பூண்டு, சமய வாதங்களில் ஈடுபட்டுப் பௌத்தம் சேர்கிறாள். இக்கதையை நாம் அறிவது பெரிதும் நீலகேசி உரையின் வழியாகவே. மந்திரிகுமாரி இதில் மலையுச்சி நிகழ்ச்சியை உயிர்நிலையாகக் கொண்டது. அரசவையை ஆட்டிவைக்கும் ராஜகுருவையும் அவன் மகனையும் புதிதாகச் சேர்த்தது. சமய வாதக் காப்பியம் இவ்வாறு அதிகாரத்திற்கு எதிரான அரசியல் கதையாயிற்று. பெண்ணொருத்தி தன் உயிரைத் தானே காத்துக்கொள்ளும் நிகழ்ச்சி மட்டும் இரண்டிலும் மாறாது நின்றது.

வளையாபதி (1952) பாரதிதாசனின் எழுத்தில் சுந்தரத்தின் இயக்கத்தில் வெளிவந்தது. ஜி. முத்துகிருஷ்ணனும் சௌகார் ஜானகியும் நடித்தனர். எஞ்சிய பாடல்களைக் கொண்டு காப்பியத்தின் கதையை உறுதிசெய்ய இயலாத நிலையில், வைசிய புராணம் கூறும் நவகோடி நாராயணன் கதையே வளையாபதிக் கதையாக வழங்கிவருகிறது. உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் கண்ட ஏட்டுச்சுவடி பின்னர்க் கிடைக்காமற்போன வரலாற்றைத் தமிழாய்வுலகம் அறியும். சுவடி மறைந்த நூலின் பெயர் சுவரொட்டிகளில் அச்சேறியது இக்காலத்தில்தான்.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. குண்டலகேசியின் பௌத்தமும் வளையாபதியின் சமணமும் திரையில் முதன்மை பெறவில்லை. நிலையாமை பற்றிய அறவுரைகளுக்காகத் தொகைநூல்களில் பேணப்பட்ட காப்பியங்கள், திரையில் குடும்பச் சிக்கலும் அரசவைச் சூழ்ச்சியும் கொண்ட கதைகளாயின. தத்துவத்தைத் தொகுப்பாசிரியர் காத்தனர். கதையைத் திரை காத்தது என இதனைக் கூறலாம். எனினும், திரை காத்தது காப்பியக் கதையின் ஒரு பகுதியே என்பதையும் மறுத்தற்கில்லை.

அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பும் வண்ணப்படமும்

1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு இணைந்து தி ஜங்கிள் என்னும் ஆங்கிலப் படத்தைத் தயாரித்தது. வில்லியம் பெர்க் இயக்க, ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய ஆலிவுட் நடிகர்கள் நடித்தனர். இதன் தமிழ்வடிவம் காடு என்னும் பெயரில் வெளிவந்தது. இப்படத்தில் தோன்றும் பண்டைக்கால மாமத யானைகளுக்காக நம் நாட்டு யானைகளுக்கு மயிர்ப்போர்வை போர்த்தப்பட்டது.

கூட்டாளியான இராபர்ட் லிப்பர்ட்டின் வாழ்வு சுந்தரத்தின் வாழ்வோடு ஒப்பிடத்தக்கது. கலிபோர்னியாவில் திரையரங்குகளை நடத்திய லிப்பர்ட், தம் அரங்குகளுக்குப் படம் தேவைப்பட்டமையால் குறைந்த செலவில் விரைந்து படமெடுக்கும் தயாரிப்பாளரானவர். இருவருமே கலைஞராகத் தொடங்கியவரல்லர். தொழில் நடத்துநராகத் தொடங்கியவர்கள். வேறுபாடு ஒன்றுண்டு. லிப்பர்ட்டுக்கு ஆலிவுட்டில் நிறைந்திருந்த நடிகரும் எழுத்தாளரும் தொழில்நுட்பரும் வாடகைக்குக் கிடைத்தனர். சுந்தரத்திற்கோ சேலத்தில் அத்தகைய சந்தை இல்லை. ஆகவே ஆளையும் கருவியையும் அவரே ஒரு வளாகத்திற்குள் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆலிவுட்டின் பெருநிறுவனங்கள் 1948ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பிற்குப்பின் தம் ஒருங்கிணைந்த அமைப்பை இழக்கத் தொடங்கிய காலத்தில், சேலத்தில் அம்முறை செழித்து நின்றது.

அரபுக் கதையைத் தழுவி எம்.ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), கேவாகலரில் உருவான முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமாகும். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் முதல் மலையாள வண்ணப்படமான கண்டம் பெச்ச கோட்டும் (1961) சுந்தரத்தின் தயாரிப்பிலும் இயக்கத்திலும் வெளிவந்தது. மலையாளத்தின் முதற் பேசும்படமும் முதல் வண்ணப்படமும் ஒரே தயாரிப்பாளரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நிருவாக முறையும் அதன் எல்லையும்

சுந்தரத்தைப் பணியாளர் அனைவரும் முதலாளி என்றே அழைத்தனர். குறித்த நேரத்தில் தளத்திற்கு வருதலும் குறித்த நாளில் படத்தை முடித்தலும் அவர் வலியுறுத்திய நெறிகள். இந்நெறி நடிகரின் புகழுக்கு விலக்களிக்கவில்லை. மாதச் சம்பளம் பாதுகாப்பை வழங்கியது. அதேவேளையில் எழுதிய வரியின்மேல் எழுத்தாளர்க்கு இருந்த உரிமையைச் சுருக்கியது. இறுதி வடிவத்தை முடிவுசெய்யும் அதிகாரம் முதலாளியிடமே இருந்தது. எனவே இந்நிறுவனப் படங்களை ஓர் எழுத்தாளரின் தனிப்படைப்பாக மட்டும் கொண்டு ஆராய்வது முழுமையான முடிவைத் தராது. பொன்முடியில் பாரதிதாசனைத் தேடும் ஆய்வாளர் சுந்தரத்தையும் டங்கனையும் உடன்வைத்தே தேடுதல் வேண்டும்.

திராவிட இயக்க எழுத்தாளர்க்கு இடமளித்தவர் என்பதனால் சுந்தரத்தை அவ்வியக்கத்தவராகக் கருதுவதும் பொருந்தாது. சைவ அடியார் வரலாற்றைப் படமாக்கிய அவரே ஏ.வி.பி. ஆசைத்தம்பியின் எழுத்தில் சர்வாதிகாரியையும் (1951), கருணாநிதியின் எழுத்தில் திரும்பிப்பாரையும் (1953) தயாரித்தார். மக்கள் விரும்பிக் கேட்ட மொழிநடையை அவருடைய வணிக அறிவு உணர்ந்துகொண்டது. அதற்கு அவர் தடையாக நிற்கவில்லை.

இறுதிக்காலம்

1960களின் தொடக்கத்திலும் கைதி கண்ணாயிரம் (1960), குமுதம் (1961), மனோரமா கதாநாயகியாக நடித்த கொஞ்சும் குமரி (1963) எனப் பல படங்கள் வெளிவந்தன. 1963ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 30ஆம் நாள் சுந்தரம் மறைந்தார். அவருடைய மகன் ராமசுந்தரம் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தி, துப்பறியும் கதைப்படங்களில் புகழ்பெற்றார். நடிகரின் நாள்களைச் சார்ந்து படம் உருவாகும் முறை வலுப்பெற்று, தொழில் முழுவதும் சென்னையில் குவிந்தபோது, சேலத்து வளாகம் தன் தேவையை இழந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கிய அவ்விடத்தின் நினைவாக ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு எஞ்சியுள்ளது.

முடிவுரை

தி.இரா. சுந்தரத்தின் வாழ்வை ஆராய்ந்ததில் பின்வருவன புலனாகின்றன. நெசவாலையின் ஒழுங்கைப் படத்தொழிலுக்கு மாற்றியமைத்த அவர், எழுத்தாளர் கூடிப் பணியாற்றும் நிலையான களத்தை உருவாக்கினார். மதுரை நாடகக் கம்பெனிகளின் நடிப்பு வளமும் திராவிட இயக்கத்தின் எழுத்து வளமும் அக்களத்தில் சந்தித்தன. காப்பியத்தையும் துப்பறியும் நாவலையும் ஒரே நிலையில் வைத்து நோக்கிய அவருடைய வணிகப் பார்வை, எஞ்சிய சில பாடல்களாகச் சுருங்கிவிட்ட காப்பியங்களின் பெயரையும் கதையையும் எழுத்தறியாதவரும் அறியச் செய்தது. சமய உள்ளடக்கத்தின் இழப்பு அதற்குத் தரப்பட்ட விலையாகும்.

இலக்கிய நூலொன்று மக்களிடம் பரவும் வரலாற்றில் ஏடு பெயர்த்தவர், உரையெழுதியவர், பதிப்பித்தவர், நாடகமாக்கியவர் எனப் பலர்க்கும் இடமளிக்கப்பட்டுள்ளது. அவ்வரிசையில் படத்தயாரிப்பாளர்க்கும் ஓர் இடம் உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களை அவற்றின் மூலநூல்களோடு வரிசையாக ஒப்பிட்டு ஆராயின், இருபதாம் நூற்றாண்டில் தமிழ்க் காப்பியங்கள் பெற்ற மறுவாழ்வின் வரலாறு மேலும் தெளிவுறும்.